முந்நூறு கையெழுத்து

எனக்கு அரசியல் தெரியும் என்று மான்ட்ரியலில் ஓர் ஐம்பது குடும்பமாவது நம்புகிறது. நம்ப வைத்தவன் நான்தான். தொழிலால் நான் பொறியாளன். பாலங்களுக்குக் கணக்குப் போட்டு ஓய்வு பெற்றவன். ஆனால் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும், சாம்பார் பரிமாறி முடிவதற்குள் பேச்சைத் தேர்தலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இப்படிப் பேசிப் பேசியே ஒரு பதவி கிடைத்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மளிகைக் கடையின் மாடியிலிருந்து ஓர் இணைய வானொலி நடக்கிறது. அதில் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு உலக அரசியல் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். சம்பளம் கிடையாது, பால் இல்லாத தேநீர் ஒரு கோப்பை உண்டு. அறிவிப்பில் என்னை அரசியல் ஆய்வாளர் என்பார்கள். முதல் வாரம் அதைக் கேட்டபோது கூச்சமாக இருந்தது. மூன்றாவது வாரம் சொல்ல மறந்துவிட்டார்கள், கோபம் வந்தது.

நிகழ்ச்சியை நடத்துபவர் யாழ்ப்பாணத்துக்காரர். மற்ற நாட்களில் டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நின்று வேலை செய்துவிட்டு, ஞாயிறுகளில் ஒலிவாங்கி முன்னால் உட்கார்வார். என்னை 'சேர்' என்றுதான் கூப்பிடுவார், அவர்கள் ஊர் 'சார்' அது. கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இலங்கைத் தமிழர்கள். நான் தமிழ்நாட்டுக்காரன். அவர்கள் என் பேச்சை மரியாதையாகக் கேட்டார்கள், நான் அந்த மரியாதையை என் அறிவுக்குக் கிடைத்ததாக எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்க அதிபர், தான் தேர்தல் போட்டியிலிருந்து விலகுவதாகக் கடிதம் வெளியிட்ட அந்த ஜூலை ஞாயிறன்று, ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்து நான் கண்ணயர்ந்திருந்தேன். தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. எழுந்து பார்த்தால் வாட்ஸ்அப் குழு முழுக்க ஒரே கேள்வி: இனி என்ன ஆகும்? அடுத்த அரை மணி நேரத்தில் அவரே துணை அதிபரைக் கைகாட்டிவிட்டதாகவும் செய்தி வந்தது. நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. எங்கள் ரயில் நிலையம் பாதை வேலைக்காக மூடிக்கிடந்த காலம் அது. காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சிக்னலில் நின்ற இடமெல்லாம் வாக்கியங்களை ஒத்திகை பார்த்தேன். கட்சியின் விதி என்ன சொல்கிறது என்று ஒரு பக்கமாவது படித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றவே இல்லை. எனக்குத்தான் தெரியுமே.

எனக்கு என்ன தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா ஒரு தேர்தலில் மாற்று வேட்பாளராக மனு செய்தவர். எங்கள் பக்கத்தில் கட்சி வேட்பாளர் மனு கொடுக்கும்போது, கூடவே நம்பகமான இன்னொருவரையும் மனு கொடுக்க வைப்பார்கள். முதல் ஆளின் மனு தள்ளுபடியானால் இரண்டாம் ஆளின் மனு தானாக உயிர்பெறும். அதோடு, தலைமை ஒருவரைக் கைகாட்டினால் அவர்தான் வேட்பாளர். மறுநாள் தலைமை மனம் மாறினால் சுவரில் பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் எழுதுவார்கள். இந்த இரண்டையும் பார்த்து வளர்ந்தவன், அமெரிக்காவிலும் இதுதான் கொஞ்சம் பளபளப்பாக நடக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அன்று வானொலியில் நான் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. மறக்க முயன்றும் நடக்கவில்லை. "இதுல குழப்பத்துக்கே இடமில்லைங்க. துணை அதிபர்னா நம்ம ஊர் மாற்று வேட்பாளர் மாதிரி. மெயின் மனு போச்சுன்னா இவங்க மனு தானா ஏறிடும். அதிபரும் கைகாட்டிட்டார். அதோட முடிஞ்சது, இன்னிலேர்ந்து அவங்கதான் சட்டப்படி வேட்பாளர்." சட்டப்படி என்ற சொல்லை மேசையைத் தட்டிச் சொன்னேன்.

அப்போது ஓர் அழைப்பு வந்தது. பெண் குரல், ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கலாம். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது, அவர் யாரையோ நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"வணக்கம் ஐயா. அவர் விலகினது சரி. ஆனா அவர் கைகாட்டினதால இவ வேட்பாளராகியிட்டா எண்டு சொல்லேலாது தானே? மாநிலங்களில இருந்து வாற பிரதிநிதிகள் எல்லோ தெரிவு செய்யவேணும்? பத்திரத்தில ஆர் கையெழுத்து வைக்கிறது? அதைச் சொல்லுங்கோ."

நான் சிரித்தேன். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்பதை நான் மழுப்பக் கூடாது. கூட்டத்தில் ஒருவரைச் சின்னவராக்குவதற்கென்றே படித்தவர்கள் வைத்திருக்கும் சிரிப்பு அது. "அம்மா, இது பஞ்சாயத்துத் தேர்தல் இல்லைம்மா, அமெரிக்கா. அங்கெல்லாம் பத்திரம், கையெழுத்துன்னு யாரும் வரிசையில நிக்க மாட்டாங்க" என்றேன். நிகழ்ச்சி நடத்துபவரும் என் முகத்துக்காகக் கொஞ்சம் சிரித்தார்.

"இல்லை ஐயா, நான் நியமனப் பத்திரம் பாரமெடுத்த ஆள்..." என்று அவர் ஆரம்பித்தார். வேட்புமனுக்களை வாங்கிச் சரிபார்த்தவர் என்று அதற்குப் பொருள்.

"நேரமாகுதும்மா, அடுத்த நேயர் காத்திருக்கார்" என்று சொல்லி, இணைப்பைத் துண்டிக்கும்படி கையால் சைகை காட்டினேன். அடுத்த நேயர் யாரும் இல்லை. ஒரு பாட்டைப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிகழ்ச்சியைக் கேட்டிருக்கிறாள். "அந்தம்மா சரியாத்தானே கேட்டாங்க? ஏன் அப்படிச் சிரிச்சீங்க?" என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்று எரிந்து விழுந்தேன். அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அப்போதே எனக்குள் ஏதோ இடறியது.

புதன்கிழமைக்குள் எல்லாம் தெளிவாகிவிட்டது. கட்சியின் விதிக் குழு கூடி நடைமுறையை அறிவித்தது. நான் முதன்முறையாக உட்கார்ந்து படித்தேன். அதிபர் கைகாட்டியது வெறும் பரிந்துரைதான். உட்கட்சித் தேர்தலில் மாநிலம் மாநிலமாக அவர் வென்று வைத்திருந்த பிரதிநிதிகள் கிட்டத்தட்ட நாலாயிரம் பேர். அவர் விலகியதும் அவர்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை, அவர்களை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. வேட்பாளராக விரும்புகிறவர் முந்நூறு பிரதிநிதிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரே மாநிலத்திலிருந்து ஐம்பது கையெழுத்துக்கு மேல் கணக்கில் வராது. பிறகு எல்லாப் பிரதிநிதிகளும் இணையவழியில் வாக்களிப்பார்கள். அதில் வென்றவரின் பெயரைக் கட்சி நிர்வாகிகள் ஒப்பமிட்டு மாநிலங்களுக்கு அனுப்பினால்தான் வாக்குச்சீட்டில் அச்சாகும். முறைப்படி வேட்பாளராக அறிவித்த பிறகு ஒருவர் விலகினால் மட்டும் வழி வேறு. அப்போது கட்சியின் தேசியக் குழு கூடி மாற்று ஆளைத் தேர்ந்தெடுக்கும். துணை அதிபர் என்பதற்காகத் தானாக ஏறும் மனு எதுவும் அங்கே இல்லை.

பிரதிநிதிகள், பத்திரம், கையெழுத்து. அந்த அம்மா கேட்டது அப்படியே இருந்தது. எனக்குக் காது மடல் சூடானது. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன், இருந்தும் யாரோ பார்ப்பதுபோலக் கணினியை மூடிவைத்தேன்.

அன்று மாலையே வானொலிக்காரர் கூப்பிட்டார். "சேர், அண்டைக்கு எடுத்த அக்காவை விசாரிச்சனான். மன்னார்க் கச்சேரியில தேர்தல் பிரிவில இருபது வருசத்துக்கு மேல வேலை செய்தவவாம். வாற ஞாயிறு அவவையும் ஸ்ரூடியோவுக்குக் கூப்பிடட்டோ? உங்களோட சேர்ந்து கதைச்சா நல்லா இருக்கும்."

கச்சேரி என்றால் அங்கே மாவட்ட அரசு அலுவலகம் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னது நல்ல யோசனை என்பதும் தெரிந்தது. "வேண்டாம்ப்பா, நேயர்களுக்குக் குழப்பமாயிடும். அவங்க பேசற விதமும் ரேடியோவுக்குச் சரிப்பட்டு வராது" என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரும் அதே தமிழைத்தான் பேசுகிறார். யோசித்துவிட்டுத்தான் "சரி சேர்" என்றார்.

அந்த வாரம் முழுவதும் அமெரிக்க அதிபரைப் பற்றி எல்லோரும் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: ஒதுங்க வேண்டிய நேரத்தில் ஒதுங்கத் தெரிய வேண்டும். நானும் இரண்டு இடத்தில் சொன்னேன், உணர்ச்சியோடு சொன்னேன். ஞாயிறு மாலை ஒரு மணி நேர நாற்காலியில் ஒரு பாதியைக்கூட விட்டுக்கொடுக்க மனமில்லாதவன் சொன்னேன்.

இரண்டாவது ஞாயிறு நான் செய்ததுதான் மோசம். தவறு எல்லோரும் செய்வது. திருத்திக்கொண்டிருந்தால் அது ஒன்றுமே இல்லை. "போன வாரம் நான் சொன்னது தவறு, ஒரு நேயர் சரியாகக் கேட்டார்" என்று தாளில் எழுதியும் வைத்திருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்ததும் வாயிலிருந்து வந்தது வேறு. "போன வாரமே நான் சுட்டிக்காட்டின மாதிரி, வெறும் அறிவிப்பு போதாதுங்க. பத்திரத்தில யார் கையெழுத்து வைக்கிறாங்க, அதுதான் கேள்வி" என்றேன். அவருடைய வாக்கியத்தையே திருடிவிட்டேன். பிறகு முந்நூறு கையெழுத்து, ஐம்பது வரம்பு, தேசியக் குழு எல்லாவற்றையும் அழகாக விளக்கினேன். எதிரே இருந்த வானொலிக்காரர் குனிந்து எதையோ தேடினார். தேடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் பாராட்டுச் செய்திகள் வந்தன, "சேர் வடிவா விளங்கப்படுத்தினார்" என்று. அந்த ஒரு மணி நேரமும் அழைப்பு விளக்கு எரியும்போதெல்லாம் அந்த அம்மாதானோ என்று பேச்சை நீட்டிக்கொண்டே போனேன். அவர் கூப்பிடவில்லை. தப்பித்தேன் என்று மகிழ்ந்தேன்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காய்கறி வாங்க ஜான்-டலோன் சந்தைக்குத் தனியாகப் போயிருந்தேன். சோளமும் தக்காளியும் குவிந்து, நடக்க இடமில்லாத நாள். ஒரு கடை முன்னால் நின்று, "கத்திரிக்காய் நல்லாயிருக்கு, எத்தனை வாங்கட்டும்?" என்று மனைவியிடம் தொலைபேசியில் கேட்டேன். கடைக்கு உள்ளே ஏப்ரன் கட்டிக்கொண்டு கீரைகளைக் கட்டு கட்டாக அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா ரேடியோவில கதைக்கிறவர் எல்லோ?"

ஒரு நொடி பெருமையாக இருந்தது. அடுத்த நொடி குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. ஆமாம் என்றேன்.

"நான் ஒருக்கா உங்களுக்கு எடுத்தனான். உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது."

"நிறையப் பேர் கூப்பிடறாங்களேம்மா" என்றேன். வாரத்துக்கு மூன்று பேர் கூப்பிட்டால் அதிகம்.

அவர் கோபமாக இல்லை. அதுதான் என்னைத் தவிக்க வைத்தது. மன்னார்க் கச்சேரியில் இருந்ததைச் சொன்னார். நியமனப் பத்திரம் பாரமெடுக்கும் நாளில் மேளதாளத்தோடு, கழுத்து நிறைய மாலையோடு வருவார்களாம். "ஆர் வந்தாலும் நான் முகத்தைப் பாக்கிறேல்லை ஐயா, பத்திரத்தின்ர அடியைத்தான் பாப்பன். கையெழுத்து இல்லாட்டித் திருப்பி விடுறதுதான். அதுதான் அண்டைக்கும் அப்பிடிக் கேட்டுப்போட்டன்" என்று சொல்லிச் சிரித்தார். இப்படிச் சொல்லும்போதே, அவருக்குப் பின்பக்கம் நின்ற ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவி வாய்க்குள் முனகியதைக் கேட்டு, திரும்பாமலே கொத்தமல்லிக் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "மெர்சி" என்றாள் கிழவி.

அப்போது அவருடைய மகள் வந்தாள். கோடைக்கால வேலை முடித்து மெட்ரோவில் வந்து அம்மாவைக் கூட்டிப்போவது வழக்கமாம். இருபது வயதிருக்கும். அம்மா என்னைக் காட்டி, "பிள்ளை, இவர்தான் அந்த ரேடியோ ஐயா" என்றார். அவள் "பொன்ஜூர்" என்றுவிட்டு, பிறகு யோசித்து வணக்கம் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு. இவ நிக்கேக்கையே ஒண்டு கேட்டுவிடுறன் ஐயா" என்றார் அந்த அம்மா. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றார். அலுவலகத்தில் அப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது. "அண்டைக்கு நீங்கள் கைகாட்டினா முடிஞ்சுது எண்டு சொன்ன மாதிரித்தான் எனக்குக் கேட்டது. அதுதான் எடுத்தனான். இவ அடுத்த கிழமை நிகழ்ச்சியைத்தான் கேட்டவ. அதில நீங்கள், கையெழுத்தைப் பற்றி முதல் கிழமையே சொன்னனான் எண்டு சொன்னீங்கள். இவ சொல்லுறா, அவர் சொன்னதை விளங்காமல் அம்மா அவரோடயே வாதாடப் போயிருக்கிறா எண்டு. ஆர் சொல்லுறது சரி ஐயா?"

மகளுக்குச் சங்கடமாகிவிட்டது. "நான் அதைப் பகிடியாத்தான் சொன்னனான்" என்றாள். பிறகு என்னிடம் விளக்கினாள். அடுத்த தேர்தலுக்கு வாக்குச்சாவடி வேலைக்கு ஆட்கள் எடுப்பார்களாம். அம்மாவுக்காக அவளே படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறாளாம். ஊரில் செய்த வேலையை இங்கேயும் ஒருநாள் செய்ய வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. இந்த வானொலிச் சம்பவத்துக்குப் பிறகு அம்மா பயந்துபோய்க் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறார். "ஐயா சொன்னா அவ நம்புவா" என்றாள்.

இதைவிட எளிதாக ஒரு மனிதனுக்கு யாரும் வழிவிட முடியாது. "அம்மா சொல்றதுதான் சரி, நான் தப்பாச் சொன்னேன்." ஆறே சொல். அந்தக் கடையில் என்னைத் தெரிந்தவர் இன்னொருவர் கிடையாது. மகள் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்கிறவள் முன்னால் என்னால் சின்னவனாக முடியவில்லை.

"ரெண்டையும் சொல்லியிருப்பேன்மா" என்றேன். "கையெழுத்து விஷயத்தை முதல் வாரமே சொன்னதாத்தான் எனக்கு ஞாபகம்."

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்திரிக்காயைப் பார்த்தேன்.

"அப்ப எனக்குத்தான் காதில பிழையாய் விழுந்திருக்குது" என்றார் கடைசியில். மகளிடம் திரும்பி, "அந்தப் படிவத்தை விடு பிள்ளை. கேக்கிறதையே பிழையாக் கேக்கிற ஆள் சனத்தின்ர வாக்கில கைவைக்கக் கூடாது" என்றார். மறுபடி கீரை அடுக்கத் தொடங்கினார்.

"இல்லையம்மா, பழைய நிகழ்ச்சியெல்லாம் அவையின்ர இணையப் பக்கத்தில இருக்கும். வீட்டை போய்க் கேட்டுப் பாப்பம், பேந்து முடிவெடுப்பம்" என்றாள் மகள். நல்ல பெண். அவள் அம்மாவுக்காகத்தான் சொன்னாள்.

நான் எதுவும் வாங்காமல் கிளம்பினேன். கார் நிறுத்திய இடத்துக்கு ஏறக்குறைய ஓடினேன். கதவைச் சாத்திக்கொண்டு வானொலிக்காரரைக் கூப்பிட்டேன்.

"ஜூலையில விலகல் அன்னிக்குப் பேசினோமே, அந்த நிகழ்ச்சியை இணையத்திலேர்ந்து எடுத்துடுங்க. ஒலி சரியா இல்லை."

"ஒலி நல்லாத்தானே இருந்தது சேர்?"

"எடுத்துடுங்கப்பா. இப்பவே."

அந்தப் பக்கம் சட்டியில் ஏதோ பொரியும் சத்தம் கேட்டது, வேலையில் நின்றார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். "சரி சேர்" என்றார். இந்த முறை யோசிக்கவில்லை.

தொலைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்த்தேன். ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்கும். பட்டியலிலிருந்து அந்த வரி காணாமல் போனது. இரண்டாவது வார நிகழ்ச்சி மட்டும், நான் வடிவாக விளங்கப்படுத்திய நிகழ்ச்சி மட்டும், அங்கே இருந்தது. அவர்கள் வீட்டுக்குப் போய் இனி அதைத்தான் கேட்பார்கள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அதையும் மீறி மூச்சு சீராக வந்தது, காரைக் கிளப்பி வீட்டுக்குப் போனேன்.